ஆற்றைவிட மெதுவாகப் போக ஒரு சங்கிலி

"அப்பா, கீழே பாருங்க. கல்லெல்லாம் ஓடுது."

முன்பலகையில் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள். ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. வர்ஜீனியாவில் லூரே ஊருக்குப் பக்கத்தில், ஷெனண்டோவா ஆற்றின் தென்கிளையில், கனூ என்கிற எங்கள் பழைய துடுப்புப் படகில் மிதந்துகொண்டிருந்தோம். தண்ணீர் இரண்டடி ஆழம்தான், அடிவரை தெளிவு. குனிந்து பார்த்தேன். ரயில் ஜன்னலில் தெரியும் தந்திக் கம்பங்கள் மாதிரி, அடியில் கிடந்த கற்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. காலையிலிருந்து ஐந்து மணி நேரம் தூண்டில் வீசியும் ஒரு பாஸ் மீன்கூடச் சிக்காத காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரை அடியைத் தொடுவதற்குள் படகு அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது. தூண்டில் நரம்பைச் சுற்றி இழுத்து மறுபடி வீசுவதற்குள் அடுத்த பாறையும் போய்விடுகிறது.

அதுவரை நான் அந்தப் படகை உடையாத படகாக ஆக்குவதிலேயே குறியாக இருந்தேன். இரண்டு மாதம் சனி ஞாயிறு முழுக்க அந்த வேலைதான். மெதுவாகப் போக வைப்பதும் சத்தமில்லாமல் போக வைப்பதும் அதே அளவு வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

மார்ச் மாதம் வாங்கியது. பதினாறடி நீளம், ராயலெக்ஸ் உடம்பு, பச்சை நிறம், விலை 350 டாலர். விற்ற பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காரின் கூரையில் தூக்கி வைக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை என்று கொடுத்தார். சுமார் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ. தலைக்கு மேல் ஒற்றை ஆளாய்த் தூக்க எனக்கே மூச்சு வாங்கியது.

ராயலெக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடுவில் நுரை, அதன் இரண்டு பக்கமும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், வெளியே வினைல் தோல் என்று அடுக்கடுக்காக ஒட்டிய தகடு அது. பாறையில் மோதினால் அமுங்கி, மறுபடி எழும்பிவிடும். அலுமினியக் கனூ கல்லில் உரசினால் ஆறு முழுக்கக் கேட்கும், இது 'ஸ்ஸ்' என்று வழுக்கிப் போகும். பாறை நிறைந்த ஆறுகளில் மீன் பிடிக்கிறவர்கள் இதை விரும்பியதற்குக் காரணம் அதுதான். பத்து வருடத்துக்கு மேலாக இந்தத் தகடு தயாரிப்பிலேயே இல்லை. அதனால் பழையதைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டுக் கழுவியபோது மூன்று குறைகள் தெரிந்தன. முன்முனையிலும் பின்முனையிலும் தரையில் இழுபட்டு வினைல் தேய்ந்து உள்நிறம் தெரிந்தது. பின்பலகையின் பிரம்புப் பின்னல் இற்றுப்போய்த் தொங்கியது. இந்த இரண்டும் எதிர்பார்த்ததுதான். மூன்றாவது எனக்குப் புதிது. மேல்விளிம்பில் மரச்சட்டம் திருகியிருந்த இடத்தில், ஒரு திருகுத் துளையிலிருந்து கீழ்நோக்கி நாலு அங்குலத்துக்கு மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மோதிய தடம் எதுவும் பக்கத்தில் இல்லை.

குளிர்தான் காரணம். பிளாஸ்டிக் குளிரில் நன்றாகச் சுருங்கும். மரம் வெப்பத்துக்கும் குளிருக்கும் அந்த அளவு அசையாது. இரண்டையும் இருபது முப்பது திருகுகளால் இறுக்கிக் கட்டிவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே போகும் ராத்திரிகளில் வெளியே போட்டால், சுருங்க நினைக்கிற உடம்பை மரம் விடாது. இழுவிசை முழுக்கத் திருகுத் துளைகளில் போய் நிற்கும். அங்கே கிழியும். மரச்சட்டம் உள்ள ராயலெக்ஸ் படகுகளுக்கு இது தெரிந்த வியாதி. மருந்து எளிது: குளிர்காலம் வருவதற்கு முன்னால் திருகுகளைத் தளர்த்தி வைப்பது.

விரிசலை அடைத்த விதம் இது. முதலில் விரிசல் முடிகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே எட்டில் ஒரு அங்குல டிரில் பிட்டால் ஒரு துளை. கூரான முனையில் விசை குவிந்து விரிசல் மேலும் ஓடும். வட்டத் துளையில் அது பரவிவிடுவதால் ஓட்டம் அங்கே நிற்கும். அப்புறம் விரிசல் நெடுகக் கத்தி முனையால் 'வி' வடிவத்தில் பள்ளம் எடுத்தேன். சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு உப்புத்தாள் போட்டு வினைல் தோலை எடுத்துவிட வேண்டும், எப்பாக்ஸிப் பசை பிடிக்க வேண்டியது அடியில் உள்ள ஏபிஎஸ்ஸை. இந்த இடத்தில் அவசரப்பட்டேன். முதல் தடவை பச்சை நிறம் முழுக்கப் போகாமலே பூசிவிட்டேன். மறுநாள் நகத்தால் நெம்பினால் ஓரம் அப்படியே பெயர்ந்து வந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி உப்புத்தாள், ஆல்கஹாலில் துடைப்பு, முதலிலிருந்து.

சாதாரண எப்பாக்ஸி காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், வளைகிற படகில் அது தாங்காது. நான் போட்டது ஜி-ஃபிளெக்ஸ். காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற வகை. இரண்டு குப்பியிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்தால் போதும், முக்கால் மணி நேரம் வரை கையாளலாம். பள்ளத்தில் கெட்டியாக்கிய கலவையைப் பட்டி பார்ப்பது போல இழுத்து நிரப்பி, உட்பக்கம் ஒரு கண்ணாடி இழைத் துணித் துண்டை வைத்து நனைத்தேன்.

முனைகளுக்கும் அதே துணிதான், இரண்டு அடுக்கு. துணியை நேராக வெட்டினால் வளைந்த முனையில் உட்காராமல் மடிப்பு விழுகிறது. மூலைவாட்டில், 45 பாகையில் வெட்டினால் இழைகள் ஒன்றோடொன்று நகர்ந்து கொடுத்து, தோல் போலப் படிந்துவிடுகிறது. தாவணியை மூலைவாட்டில் பிடித்து இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரண்டாம் அடுக்கில் கிராஃபைட் தூள் கலந்தேன். கறுப்பாக, வழவழவென்று இருக்கிறது. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது என்பதால் மீதி இடத்துக்கு மேலே ஒரு பூச்சு பெயின்ட்.

பிரம்புப் பலகைதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. நைலான் பட்டை அடித்துவிட்டால் அரை மணியில் முடியும், எனக்கு மனசு வரவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்து நாற்காலிகளைப் பின்ன ஒரு பெரியவர் வருவார். கண் பார்வை கிடையாது. வேப்பமரத்தடியில் வாளித் தண்ணீரில் பிரம்பை ஊறப்போட்டுவிட்டு, சட்டத்தின் துளைகளை விரலால் எண்ணிக்கொண்டே போவார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பின்னலின் அடிப்பக்கம் கட்டைவிரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார். எங்கே தொய்வோ அங்கே விரல் நிற்கும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஏப்ரலில் கராஜில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தபோது அந்தக் கட்டைவிரல்தான் நினைவில் இருந்தது. பிரம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைக்க வேண்டும். பளபளப்பான பக்கம் மேலே. முதலில் நெடுக்கு, அதன்மேல் குறுக்கு, மறுபடி நெடுக்கு, அப்புறம் மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும் குறுக்கு, கடைசியில் இரண்டு மூலைவாட்டு வரிசை. துளையில் இழை நழுவாமல் இருக்க கோல்ஃப் ஆணிகளைச் செருகி வைத்தேன். முதல் வரிசையை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிட்டேன், அது தப்பு. ஈரப் பிரம்பு காய்ந்தால் தானே இறுகும். அதோடு ஒவ்வொரு வரிசையும் முந்தினதை இழுக்கும். மூலைவாட்டு வரிசைக்கு வரும்போது ஊசி நுழையவே இடமில்லாமல் போனது. பாதியை அவிழ்த்து, விரல் அமுக்கினால் கொஞ்சம் தாழ்கிற அளவு தளர்வாக மறுபடி ஆரம்பித்தேன். நாலு ராத்திரி ஆனது. இப்போது அதில் உட்கார்ந்தால் சின்னதாக ஒரு முனகல், அப்புறம் அமைதி.

மே மாதம் முழுக்கப் படகு தயாராகவே இருந்தது. ஆனால் ஆற்றில் இறக்கவில்லை. தண்ணீர் 60 பாரன்ஹீட்டைத் தாண்டும்போது ஸ்மால்மவுத் பாஸ் முட்டையிடுகிறது. ஆண் மீன் சரளைக்கல்லில் வாலால் ஒரு தட்டுப்போலப் பள்ளம் தோண்டி, பெண் முட்டையிட்டுப் போனபின் குஞ்சு கலைகிறவரை அதன்மேலேயே காவல் நிற்கும். அந்த நேரத்தில் அதைத் தூண்டிலில் இழுத்தால், திரும்பி வருவதற்குள் சின்ன மீன்கள் கூட்டை முடித்துவிடும். அந்தச் சில வாரங்கள் அதற்கே இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

இந்த மீன் இந்த ஆற்றின் பூர்வகுடி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே, ஒஹாயோ ஆற்றுப் பக்கத்து மீன் இது. 1854-ல் ஷ்ரைவர் என்பவர் வீலிங் ஊர்ப் பக்கத்து ஓடையில் சுமார் முப்பது பாஸ்களைப் பிடித்து, துளை போட்ட வாளியில் விட்டு, அந்த வாளியை நீராவி இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு, பால்டிமோர் அண்டு ஒஹாயோ ரயிலில் மலையைத் தாண்டி கம்பர்லண்டுக்குக் கொண்டுவந்தார். அங்கே கால்வாயில் விடப்பட்டவை போட்டோமாக் ஆற்றில் பெருகின. ஷெனண்டோவா, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் போட்டோமாக்கில் சேரும் ஆறு. இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கின் அடையாளமே இந்த மீன்தான். இன்ஜின் தொட்டிக்குள் பயணம் வந்த மீன்களை நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆறு எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். தென்கிளை போர்ட் ரிபப்ளிக்கில் தொடங்கி, மேற்கே மசானட்டன் மலையும் கிழக்கே ப்ளூ ரிட்ஜ் மலையும் இரண்டு கரையாக நிற்க, வடக்குப் பார்த்து வளைந்து வளைந்து ஃப்ரன்ட் ராயல்வரை போகிறது. அங்கே வடகிளை வந்து சேரும். வடக்கே போனால் கீழே, தெற்கே போனால் மேலே என்றுதான் இங்கே பேசுவார்கள், பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. படகு இறக்குவதற்கு முன்னால் லூரே அளவீட்டு நிலையத்தின் நீரோட்டத்தைப் பார்ப்பேன். மேட்டூருக்கு வினாடிக்கு எத்தனை கனஅடி வருகிறது என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கணக்கு அந்நியமில்லை. 2,000 கனஅடிக்கு மேல் போனால் மகளைக் கூட்டிக்கொண்டு நான் இறங்குவதில்லை. அது என் சொந்தக் கணக்கு. மேலும் தண்ணீர் கலங்கியிருந்தால் எத்தனை கனஅடியானாலும் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

முதல் பயணத்துக்கு வருகிறேன். 211-ஆம் சாலையில் ஒயிட் ஹவுஸ் பாலத்தடியில் மனைவி எங்களை இறக்கிவிட்டார். கீழே பிக்ஸ்லர் பாலத்தில் மாலையில் வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. மிதவை அங்கியைப் போட்டு வாரை இறுக்கிக்கொண்டோம். பதினாறு வயதுக்கு உட்பட்டவள் என்பதால் மகளுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை, எனக்கு மட்டும் எடுத்திருந்தேன்.

படகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாறைப்படிகளில் முனை உரசியபோது புதுத் துணிப்பூச்சு தாங்கியது. இருந்தும் மீன் இல்லை. அவள் கற்களைக் காட்டிய பிறகு ஓரமாக ஒதுங்கி, ஒரு சைக்கமோர் மரத்தடியில் படகை இழுத்துப் போட்டுவிட்டு யோசித்தோம்.

ஸ்மால்மவுத் ஓட்டத்தில் நின்று சக்தியை வீணாக்காது. பாறைக்குப் பின்னால், ஓட்டமும் தேங்கல்நீரும் சேருகிற கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி நிற்கும். ஓட்டம் கொண்டுவருகிற கிரேஃபிஷ் என்கிற நன்னீர் இறால், சின்ன மீன், பூச்சி எது வந்தாலும் எட்டிக் கவ்விவிட்டுத் திரும்பிவிடும். தென்கிளையில் ஆற்றுக்குக் குறுக்கே படிப்படியாகப் பாறைகள் ஓடுகின்றன. சில இடங்களில் அந்தக் காலத்தில் மீன் பிடிக்கக் கற்களை அடுக்கிக் கட்டிய அணைகளின் மிச்சமும் இருக்கிறது. அம்பு முனை மாதிரி, கூர் கீழ்நோக்கி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கசம். மீன் இருக்கிற இடம் ஆறு அடி அகலம்கூட இருக்காது. அங்கே இரையை அடியில் போட்டு, கிரேஃபிஷ் நகர்வது போல மெல்ல மெல்லத் தட்டி நகர்த்த வேண்டும். ஓட்டத்தோடு போகிற படகிலிருந்து அது முடியாது. ஒருத்தர் பின்துடுப்புப் போட்டே நிறுத்தலாம், ஆனால் அவர் மீன் பிடிக்க முடியாது, துடுப்பும் சத்தம் போடும்.

அடுத்தது சத்தம். அன்றைக்கு மதியம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது எத்தனை சத்தம் கேட்டது! துடுப்பு விளிம்பில் இடிக்கிறது. தண்ணீர்ப் புட்டி உருள்கிறது. இரைப்பெட்டியைக் கீழே வைக்கும்போது 'டக்'. மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும். அதிலுள்ள உணர்வு நுண்மங்கள் தண்ணீரின் அதிர்வைப் பிடித்துவிடும். ராயலெக்ஸ் எவ்வளவு அமைதியான தகடாக இருந்தாலும் படகு ஒரு பெரிய முரசுதான். நாங்கள் தட்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து சத்தத்தை ஒரே சாயங்காலத்தில் முடித்தோம். உடற்பயிற்சிக்குப் போடும் நுரைப் பாயை அளந்து வெட்டி அடியில் விரித்தோம். துடுப்பின் கழுத்திலும் விளிம்புச் சட்டத்தில் அது படுகிற இடத்திலும் சைக்கிள் டியூபைச் சுற்றினோம். பெட்டியை விட்டுத் துணிப்பைக்கு மாறினோம்.

வேகத்தைக் குறைக்க மூன்று வாரம் ஆனது. நங்கூரம் போட்டு நிற்பது பலர் சொல்கிற வழி. ஓடுகிற ஆற்றில் எனக்கு அது பயம். நங்கூரம் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால், கயிறு படகின் முனையைக் கீழே இழுக்க, மேலேயிருந்து தண்ணீர் உள்ளே ஏறும். நிற்பது எங்களுக்குத் தேவையும் இல்லை, மெதுவாகப் போனால் போதும். இந்தப் பள்ளத்தாக்கில் பழைய ஆட்கள் செய்வது சங்கிலி இழுப்பது. கொக்கி எதுவும் இல்லாமல் வெறும் சங்கிலியை அடியில் இழுபட விட்டால் படகு மெல்ல ஊர்ந்து வரும்.

கடையில் எட்டில் மூன்று அங்குலத் தடிமன் சங்கிலி ஆறடி வாங்கினேன். ஒன்பதரைப் பவுண்டு, நாலேகால் கிலோ. அப்படியே ஆற்றில் விட்டால் கல்லில் கலகலவென்று மோதும், கண்ணிகள் இடுக்குகளில் மாட்டும். மகளின் பழைய மலைச் சைக்கிள் டியூபை வால்வுக்குப் பக்கத்தில் வெட்டி நேராக்கினோம். உள்ளே டால்கம் பவுடரைத் தட்டி, ஒரு கயிற்றில் சின்ன நட்டைக் கட்டிக் குழாய்க்குள் உருட்டிவிட்டு, அந்தக் கயிற்றால் சங்கிலியை அவள் இழுக்க நான் டியூபைப் பிடித்து உருவினேன். சாரைப்பாம்பு இரை விழுங்குகிற மாதிரி அங்குலம் அங்குலமாக உள்ளே போனது. இரண்டு முனையையும் கேபிள் டையால் இறுக்கிக் கட்டினோம். ஒரு முனைக் கண்ணி மட்டும் வெளியே, அதில் இரும்பு வளையம், வளையத்தில் இருபதடி பின்னல் கயிறு.

முதல் சோதனையில் நான் செய்த தப்பை விவரமாகச் சொல்ல வேண்டும். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் ஆழ ஓட்டத்தில் தனியாகப் பார்த்தேன். கைக்கு எட்டுகிறதே என்று கயிற்றை இடுப்புப் பக்கம் இருந்த குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் கட்டியிருந்தேன். சங்கிலி தரையைத் தொட்டதும் படகு இழுபட்ட பக்கம் திரும்பி, ஆற்றுக்குக் குறுக்கே படுத்துவிட்டது. மேலேயிருந்து வரும் ஓட்டம் பக்கவாட்டில் மோதி, மேற்பக்கத்து விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே வரை சாய்ந்தது. முடிச்சு இறுகிவிட்டதால் அவிழ்க்க முடியவில்லை. இறங்கிக் காலூன்றி நின்றதால் பிழைத்தது படகு. இதே இடம் ஆறடி ஆழமாக இருந்து, மகளும் உள்ளே இருந்திருந்தால் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

அன்றிரவே மாற்றினேன். கயிறு பின்முனையின் நட்டநடுவில், நுனியில் பொருத்திய சின்னக் கப்பி வழியாக மட்டுமே வெளியே போகும். அப்போது இழுவை படகின் நீளத்திலேயே இருப்பதால் முன்முனை எப்போதும் கீழ்நோக்கியே நிற்கும். உள்ளே வருகிற கயிற்றைக் கட்டுவது கிடையாது, பற்கள் உள்ள பிடிப்பானில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் விட்டுவிடும். கயிற்றின் கடைசி நுனியில் முடிச்சே போடவில்லை. ஆபத்தில் கையை விட்டால் கயிறு முழுவதும் கப்பி வழியாக உருவிக்கொண்டு ஆற்றோடு போய்விட வேண்டும். சங்கிலி போனால் முப்பது டாலர். என் மிதவை அங்கியின் மார்பில் ஒரு கத்தியும் மாட்டிக்கொண்டேன். வேகமான இறக்கங்கள் வருவதற்கு முன்னால் சங்கிலியைப் படகுக்குள் ஏற்றிவிடுவது என்றும் முடிவு செய்தோம். நீர்ப்புல் அடர்ந்த இடங்களிலும் அதை இழுப்பதில்லை, வேரோடு வந்துவிடுகிறது.

ஜூலை முதல் சனிக்கிழமை காலை ஆறு மணி. மூடுபனி ஆற்றின்மேல் இடுப்பளவு நின்றது. தண்ணீர் 78 பாரன்ஹீட். நூறடி இடைவெளியில் நின்ற இரண்டு சைக்கமோர் மரங்களை வைத்துக் கணக்குப் பார்த்தோம். சங்கிலி இல்லாமல் 40 வினாடி. நாலு அடி கயிறு விட்டதும் 110 வினாடி. அதிகம் விட்டால் படகு முழுக்க நின்றுவிடுகிறது, சங்கிலி தரையைத் தடவுகிற அளவு மட்டும் விட வேண்டும். பின்முனையில் கயிற்றின்மேல் விரலை வைத்தால் அடியில் மணலா, சரளையா, பாறையா என்றுகூடத் தெரிகிறது. சரளையில் ஒரு நமநமப்பு, பாறையில் திக் திக் என்று. ஆழம் மாறுகிற இடமும் கயிற்றிலேயே தெரிந்துவிடும்.

மகளுக்கு ஆறு பவுண்டு தாங்கும் நரம்பு, எட்டில் ஒரு அவுன்ஸ் ஈயத்தலை முள், அதில் கிரேஃபிஷ் நிறத்து மிருதுவான குழல் இரை. முதல் பாறைப்படிக்குக் கீழே அவள் வீசியது கோட்டுக்கு ஒரு அடி உள்ளே விழுந்தது. படகு ஊர்ந்தது. அடியில் இரையை அவள் மூன்று தடவை தட்டினாள்.

"அப்பா, கல்லுல மாட்டிடுச்சு போல."

"இழுக்காதே, கண்ணு. நரம்பைப் பாரு."

நரம்பு தண்ணீரை வெட்டிக்கொண்டு பக்கவாட்டில், ஓட்டத்துக்கு எதிராக நகர்ந்தது. கல் ஓட்டத்தை எதிர்த்து ஏறாது. அவள் கோலைத் தூக்கியதும் அது வில்லாய் வளைந்து, பத்தடி தள்ளி மீன் முழு உடம்பையும் வெளியே எறிந்தது. பித்தளையைத் தேய்த்த மாதிரி நிறம், பக்கத்தில் குத்துக்குத்தாகக் கருங்கோடுகள். இரண்டு தடவை படகுக்கு அடியில் ஓடியது. நான் சங்கிலியை உள்ளே இழுத்துக்கொண்டேன், நரம்பு அதில் சுற்றிவிடக் கூடாதே. பிடித்துத் தூக்கியபோது அவள் கை நனைந்திருந்ததா என்று முதலில் பார்த்தேன், உலர்ந்த கை மீனின் வழுவழுப்புப் படலத்தை எடுத்துவிடும். கண் சிவப்பு. வாய்க்கோடு கண்ணுக்கு நேராகவே நின்றுவிடுகிறது, அதைத் தாண்டிப் போனால் அது லார்ஜ்மவுத் என்ற இன்னொரு பாஸ் வகை. அளவு நாடாவில் 17 அங்குலம்.

கொக்கி முனையில் எதிர்முள்ளை ஏற்கெனவே இடுக்கியால் நசுக்கியிருந்ததால் சுலபமாகக் கழன்றது. இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, தலை ஓட்டம் வரும் பக்கம் பார்த்து இருக்க, செவுள் திறந்து மூடுகிறவரை வைத்திருந்தாள். வாலை ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போய்விட்டது. அவள் முகத்தில் தண்ணீர் தெறித்தது. துடைத்துக்கொள்ளவே இல்லை.

அம்மா போனில் இதைக் கேட்டால் "ஏன்டா விட்டீங்க, குழம்புக்கு ஆயிருக்குமே" என்பார். காரணம் இருக்கிறது. மேலே வேய்ன்ஸ்போரோவில் 1929 முதல் 1950 வரை செயற்கை இழை தயாரித்த ஒரு ஆலையிலிருந்து பாதரசம் ஆற்றில் கலந்தது. அது இன்னும் ஆற்றங்கரை மண்ணில் இருக்கிறது, அங்கிருந்து மீனுக்குப் போகிறது. இந்த ஆற்று மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கை போட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அப்புறம் 2005 வசந்தத்தில் இந்தத் தென்கிளையில் பாஸ்கள் உடம்பில் புண்ணோடு கூட்டமாகச் செத்து மிதந்தன. அதிலிருந்து ஆறு மீண்டு வந்திருக்கிறது. அம்மாவுக்குக் கடையில் வாங்கிய மீனின் படத்தை அனுப்புகிறேன், இந்த மீன் இங்கேயே இருக்கட்டும்.

பிக்ஸ்லர் பாலம் வருவதற்குள் பதினொரு பாஸ். அவளுக்கு ஏழு, எனக்கு நாலு. எல்லாம் பாறைப்படிகளுக்கும் பழைய கல்லணைகளுக்கும் கீழே. மதியம் வெயில் ஏறியதும் சலசலத்து ஓடும் இடங்களின் தலைப்பில்தான் கிடைத்தன, வெப்பத்தில் காற்று அதிகம் கலந்த தண்ணீரைத் தேடி அவை மேலே ஏறிவிடுகின்றன. ஒரே ஒரு தடவை சங்கிலி மாட்டியது. பிடிப்பானை வெட்டிவிட்டதும் கயிறு தளர்ந்து, படகு பக்கவாட்டில் திரும்பாமல் நாலடி முன்னால் போய், சங்கிலி தானாகவே விடுபட்டது. டியூபில் ஒரு கீறல்கூட இல்லை.

இன்னும் செய்ய வேண்டியவை இரண்டு. கப்பியின் அச்சு ஈரத்தில் கிறீச்சிடுகிறது, பித்தளைக் கப்பி வாங்கிப் போட வேண்டும். முன்பலகையை ஓர் அங்குலம் இறக்கலாம், மகள் எட்டி வீசும்போது படகு இப்போது அசைகிறது. நவம்பர் முதல் வாரத்தில், விளிம்புச் சட்டத்தின் திருகுகளை வரிசையாக அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டுப் படகைக் கராஜில் ஏற்ற வேண்டும். கராஜ் காலண்டரில் அதை அவளே எழுதி வைத்திருக்கிறாள்.